பழம்படகும் அதன் சுக்கானும்

நாஞ்சில் நாட்டுக் கடற்கரையில் விசைப்படகு தேடுவோர் யாவரும் புதுப்படகு கட்டுவிக்கும் பொருள்வளம் வாய்ந்தவரல்லர். ஒருவர் பல்லாண்டு ஓட்டி விற்கும் படகை மற்றொருவர் நகையை அடகு வைத்தும், கடன்பட்டும், பங்காளிகளைச் சேர்த்தும் வாங்குகின்றார். அங்ஙனம் வாங்கப் புகுவோர் முதற்கண் நோக்குவது எந்திரத்தையே. அதன் முழக்கத்தைச் செவிகொடுத்துக் கேட்பர். புகையின் நிறத்தைப் பார்ப்பர். எண்ணெயைத் தொட்டு விரலிடைத் தேய்ப்பர். சுக்கானைப் பொறுத்தமட்டிலோ, சக்கரத்தை இருபுறமும் ஒருமுறை திருப்பிப் பார்த்து அமைவர். இவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. எந்திரம் பழுதுற்றால் படகு நின்றுவிடும். சுக்கான் பழுதுற்றால் படகு நில்லாது, நாம் எண்ணாத திசையில் ஓடும்.

இதன் பொருள் யாதென்பதைத் தேங்காய்ப்பட்டணத்தார் நன்கறிவர். குழித்துறையாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த அத்துறைமுகத்தின் வாயிலில் மணல் திரண்டு மேடாவதும், அங்கெழும் அலையில் படகுகள் கவிழ்ந்து மீனவர் உயிரிழந்ததும் நம் மாவட்டத்தில் யாவரும் கேட்டறிந்தனவே. அலையின் முதுகிலேறி உட்புகும் படகு, சுக்கானி சக்கரத்தைத் திருப்பிய அக்கணமே திரும்புதல் வேண்டும். இரண்டு நொடி தாழ்க்குமாயின் அலை பக்கவாட்டில் வந்து தாக்கும். நல்ல எந்திரம் அப்பொழுது யாது செய்ய வல்லது?

நம் முன்னோர்க்கு இவ்விடர் இவ்வடிவில் இருந்ததில்லை. கட்டுமரத்துக்குத் துடுப்பே சுக்கானுமாயிற்று. பழுதை அதை ஏந்திய கையே உணர்ந்துவிடும். வள்ளங்களில் இப்பொழுது பூட்டும் அவுட்போர்டு எந்திரத்திலும் தனிச் சுக்கான் இல்லை. எந்திரமே முழுவதும் திரும்பிப் படகைத் திருப்புகின்றது. 1953ஆம் ஆண்டில், நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தில் அடங்கியிருந்த காலத்தில், கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நார்வே நாட்டார் துணையோடு மீன்பிடித் திட்டமொன்று தொடங்கிற்று. எந்திரம் உள்ளே பூட்டிய படகுகள் இக்கடற்கரையில் பெருக அதுவும் ஒரு காரணமாயிற்று. இப்படகுகளில் சக்கரம் ஓரிடத்தும் சுக்கான் பிறிதோரிடத்தும் இருக்கும். மேனாட்டுச் செல்வர் உல்லாசமாய்ச் செலுத்தும் கேபின் குரூசர் என்னும் அறைப்படகுகளிலும் இவ்வமைப்பு உண்டு. சுக்கான் என்பது அரபு மொழியிலிருந்து நம் துறைமுகங்கட்கு வந்த சொல். அதனைப் பற்றியிருப்போனுக்கு மீகாமன் என்னும் பழந்தமிழ்ப் பெயர் நம்மிடம் முன்னரே உண்டு.

இனி, சுக்கான் தொழில்புரியும் வகையைக் காண்போம். அது படகைத் தள்ளுவதன்று. தன்மேற் பாயும் நீரின் ஓட்டத்தை ஒருபுறம் விலக்க, அந்நீர் படகின் பின்புறத்தை எதிர்ப்புறம் தள்ளுகின்றது. ஆதலின் நீரோட்டம் இல்லையேல் திருப்பமும் இல்லை. சுழல்விசிறி பின்னோக்கித் தள்ளும் நீர் நேரே சுக்கான் பலகைமீது பாய்வதனால், மெல்லச் செல்லும் படகும் எந்திரத்தைச் சற்றே முடுக்கியவுடன் திரும்புகின்றது. பலகையை ஏறத்தாழ 35 பாகைக்கு மேல் திருப்பினால் பயன் குறையும். நீர் அதனை ஒட்டிச் செல்லாது சிதறிவிடும். பின்னோக்கி ஓட்டுங்கால் விசிறியின் நீர் சுக்கானுக்கு எட்டுவதில்லை. அன்றியும், வலஞ்சுழி விசிறியுடைய படகு பின்னோக்குகையில் அதன் பின்புறம் இடப்பக்கம் இழுக்கப்படும். இவையிரண்டும் இயல்பே. இவற்றைப் பழுதென்று கருதி நல்ல படகை வேண்டாமென்பாரும் உளர். உண்மைப் பழுதை இவ்வியல்பென்று சொல்லி விற்பாரும் உளர்.

சக்கரத்தில் தோன்றும் குறை சக்கரத்தில் இருப்பது அரிது. சக்கரத்தின் பின் சங்கிலி. சங்கிலியைத் தொடர்ந்து எஃகுக் கம்பிவடம். வடம் கப்பிகளின் வழியே வளைந்து சென்று பின்புறத்துக் கால்வட்டத் தகட்டை இழுக்கும். தகடு தண்டைத் திருப்பும். தண்டு பலகையைத் திருப்பும். இவ்வரிசையில் எவ்விடத்துக் கேடுற்றாலும் சுக்கானியின் கைக்குத் தோன்றுவன இரண்டே: தளர்ச்சி அல்லது இறுக்கம். விற்பவர் வடத்தை முறுக்கிக் கிரீசு பூசிவிட்டால் தளர்ச்சியும் மறைந்துவிடும். ஆகவே சக்கரம் கைக்கு உறுதியாய் இருப்பதுகொண்டு எதையும் துணிதல் கூடாது.

நாம் பரிந்துரைக்கும் சோதனை மிக எளியது. படகைக் கரையேற்றி, கால்வட்டத் தகட்டினின்றும் வடத்தைக் கழற்றிவிடுக. பின்னர்ப் பலகையைக் கையால் பற்றி இருபுறமும் திருப்புக. எளிதில் திரும்பினால் கேடு மேலே, வடத்திலோ கப்பியிலோ சங்கிலியிலோ உள்ளது. கனத்துத் திரும்பினால், அல்லது ஓரிடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டால், கேடு கீழே தண்டில் உள்ளது. இவ்வொரு செயலால் ஆராயவேண்டிய இடம் பாதியாய்ச் சுருங்கிவிடும். விலை பேசுவதற்கும் இதுவே அடிப்படை. ஏனெனில் மேற்பாதியின் பழுதுகள் பெரும்பாலும் சிறு செலவில் தீர்வன, கீழ்ப்பாதியின் பழுதுகள் அங்ஙனமல்ல.

மேற்பாதியில் வடத்தின் இழைகள் அறுந்து முள்போல் நிற்கின்றனவா என்று துணி சுற்றிய கையால் தடவிப் பார்க்க. கப்பிகள் நேர்வரிசையில் நில்லாவிடில் புதுவடமும் சில மாதங்களில் தேயும். வடத்தை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

கீழ்ப்பாதியே கூர்ந்து நோக்கத்தக்கது. ஒருவர் தகட்டை அசையாது பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பலகையை முன்னும் பின்னும் பக்கத்திலும் ஆட்டுதல் வேண்டும். தகடு நிற்கப் பலகை திரும்புமாயின், தகட்டையும் தண்டையும் பிணைக்கும் ஆப்பு தேய்ந்துவிட்டது. இது கொடியது, ஒருநாள் முற்றும் அறுந்து, சக்கரம் வெறுமனே சுழலும். தண்டே பக்கவாட்டில் ஆடுமாயின் புஷ் தேய்ந்தது. ஓரிடத்தில் மட்டும் பிடிக்குமாயின் தண்டு வளைந்துள்ளது என்று ஐயுறுக. பாறையிலோ மணலிலோ ஒருகால் மோதியிருக்கலாம். அதனை நேர்செய்யச் சுக்கானை முழுதும் இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோதல் வேண்டும். எங்கும் ஒரேவிதமாய்க் கனக்குமாயின், தண்டு படகின் அடியை ஊடுருவுமிடத்தில் நீர் புகாவண்ணம் திணித்த பொதியை அளவிறந்து இறுக்கியிருப்பர். ஏன் இறுக்கினர் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கே நீர் கசிந்திருக்கும். தண்டைச் சூழ்ந்த மரம் உளுத்தோ, பைபர் வெடித்தோ காணப்படின் அப்படகை விட்டு விலகுவதே நன்று.

வேதியியல் பயிலும் மாணவர்க்கு மற்றொன்று. இரும்புச் சுக்கானும் வெண்கல விசிறியும் உப்புநீரில் ஒருங்கே நிற்பது, வகுப்பிற் காணும் மின்கலத்தை ஒத்தது, இரும்பு கரையும். அதனைக் காக்கவே துத்தநாகக் கட்டிகளைப் பூட்டுகின்றனர். அவை தாம் கரைந்து இரும்பைக் காக்கும். கட்டிகள் முற்றும் கரைந்து நெடுநாளாயிருந்தால் பலகையைச் சுத்தியால் மெல்லத் தட்டி ஓசை கேட்க. கட்டிகள்மேல் வண்ணம் பூசியிருந்தாலும் அவை பயன்படா. கொட்டலசு படிந்த பலகையைச் சுரண்டிய பின்னரே இச்சோதனை யாவும் செய்க.

சில படகுகளில் வடத்துக்குப் பதிலாக எண்ணெய்க் குழாய் இருக்கும். சக்கரம் எண்ணெயை உந்த, அது பின்புறத்து உருளையைத் தள்ளும். இங்கே சக்கரம் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்துளது. எண்ணெயை நிரப்பி, உருளையின் கழிவுத் திருகைத் திறந்து, சக்கரத்தை மெதுவாய்ச் சுழற்றக் குமிழிகள் வெளியேறும். காற்றை நீக்கியும் சில நாளில் அக்குறை மீண்டால் எங்கோ கசிவு உள்ளது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்தது.

இவற்றுக்கெல்லாம் ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலமே. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. சின்னமுட்டம் முன்னதற்கும், குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் பின்னதற்கும் உட்பட்டமையால் நம் மாவட்டத்தார்க்கு இரண்டு வாய்ப்பு உண்டு. படகுகள் பல கரையேறிப் பழுதுபார்க்கப்படும் அந்நாளில் விற்பவரும் அடியைக் காட்ட மறுக்க இடமில்லை.

கடலோட்டம் தடை நீங்கியபின், அமைதியான நீரில், துறைமுக வாயிலினின்றும் நெடுந்தொலைவில் நடைபெறட்டும். நடுத்தர வேகத்தில் நேரே ஓட்டி, வலமும் இடமும் முழுவட்டம் அடித்து ஒப்பிடுக. சிறிது ஒருபுறம் இழுப்பது விசிறியின் இயல்பு. ஒருபுற வட்டம் மற்றதைவிட மிகப் பெரிதாயின், சக்கரம் நடுவில் நிற்கையில் பலகை நடுவில் இல்லை. வடத்தின் நீளத்தைத் திருத்துவதால் அது தீரும்.

இறுதியாக, தண்டின் மேல்முனையிற் சதுரமாய்ச் செதுக்கிய தலையும், வடம் அறுங்கால் அதிற் பொருத்தும் இரும்புக் கைப்பிடியும் உளவா என்று கேட்க. உளவெனின் வடத்தைக் கழற்றி, கைப்பிடி ஒன்றைக்கொண்டே துறைமுகத்துள் சிறுதொலைவு ஓட்டிக் காண்க. கைப்பிடி வலைக்கட்டின் அடியில் எங்கேயோ கிடக்கின்றது என்று விடை கிடைத்தால், அதனைத் தேடியெடுத்த பின்னரே மேற்கொண்டு விலை பேசலாம்.