கம்ப்யூட்டருக்குத் தெரியாத அழுத்தம்

1990களின் ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுவதில்லை. இன்ஜெக்டர் எத்தனை மில்லிவிநாடி திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகும் என்பதைத் தீர்மானிப்பது குழாயில் உள்ள அழுத்தம். அது சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எல்லாக் கணக்கும் நடக்கிறது. கார் புதிதாக இருந்தபோது அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. முப்பது வருடப் பம்பு, முப்பது வருட ரப்பர் குழாய், முப்பது வருட ஒயர் என்று ஆனபிறகு அதே நம்பிக்கை எஞ்சினைக் கொல்லும்.

இதற்கு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1991 இறுதியில் ஜப்பானில் வெளிவந்து, 2002 ஆகஸ்டில் உற்பத்தி நின்ற கார். ரசிகர்களுக்கு அது ‘எஃப்டி’. பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் 1,308 சிசி எஞ்சின், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போக்கள், தொடக்கத்திலேயே 255 குதிரைத்திறன். இவ்வளவு சிறிய எஞ்சினிலிருந்து இவ்வளவு சக்தியை எடுத்த பொறியாளர்களின் துணிச்சலை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஒரு விலை உண்டு.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகப் பட்டைகள் இருக்கின்றன. ‘ஏபெக்ஸ் சீல்’ என்பார்கள். பிஸ்டன் எஞ்சினில் ரிங் செய்யும் வேலையை இங்கே இவை செய்கின்றன. டர்போ முழுவீச்சில் காற்றைத் திணிக்கும்போது பெட்ரோல் குறைந்தால், அதாவது கலவை லீன் ஆனால், அது கட்டுக்கடங்காமல் வெடிக்கும் நாக்கிங் வரும். பிஸ்டன் எஞ்சின் கொஞ்ச நேரம் அதைத் தாங்கக்கூடும். ஏபெக்ஸ் சீலுக்குச் சில விநாடிகளே போதும், உடைந்துவிடும். உடைந்த துண்டு ரோட்டர் அறையின் சுவரைக் கீறி, புகைவழியே வெளியேறும்போது டர்போவின் இறக்கைகளையும் பதம் பார்க்கும். அதனால்தான் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற பாடப்புத்தகக் கணக்கை விட்டு, முழு பூஸ்ட்டில் (டர்போ ஏற்றும் உச்ச அழுத்தத்தில்) 11-க்கு ஒன்று என்ற அளவில் தாராளமாகப் பெட்ரோல் விடுகிறார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. எரிவதற்கு மட்டுமல்ல, குளிர்விப்பதற்கும் பயன்படுகிறது அந்தப் பெட்ரோல்.

இந்த எஞ்சினில் நான்கு இன்ஜெக்டர்கள். நிமிடத்துக்கு 550 சிசி தருபவை இரண்டு, சுமை கூடும்போது துணைக்கு வரும் 850 சிசி இரண்டு. 8,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பதே 7.5 மில்லிவிநாடி. அதற்குள் திறந்து, பீய்ச்சி, மூட வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் திறப்பதற்கே கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் முழுதும் பெட்ரோல் கணக்கில் நஷ்டம்.

இன்ஜெக்டரின் உள்ளே பெட்ரோல் அழுத்தம், வெளியே இன்டேக் குழாயின் காற்றழுத்தம். பீய்ச்சும் அளவைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். துல்லியமாகச் சொன்னால், வித்தியாசத்தின் வர்க்கமூலம். இந்த வித்தியாசம் மாறாமல் காப்பது பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரின் பொறுப்பு. இன்டேக்கிலிருந்து வரும் சிறு ரப்பர் குழாய் அதற்குச் செய்தி சொல்கிறது. ஐடிலில் இன்டேக்கில் வெற்றிடம் இருப்பதால் ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தைக் குறைக்கிறது. டர்போ 0.7 பார் ஏற்றினால் தானும் 0.7 பார் ஏற்றுகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடிப்படை அழுத்தம் 2.8 பார் என்று வைத்துக்கொள்வோம். 0.7 பூஸ்ட்டில் கேஜ் 3.5 காட்ட வேண்டும். பம்பு களைத்துப்போய் 2.8-லேயே நின்றுவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பழகிய, நல்ல எண். ஆனால் வித்தியாசம் 2.1 ஆகச் சுருங்கிவிட்டது. வர்க்கமூலக் கணக்குப்படி பெட்ரோல் 13 சதவீதத்துக்கு மேல் குறையும். 11 என்றிருந்த கலவை 12.7 ஆகும். கம்ப்யூட்டருக்கு இது தெரியவே தெரியாது. பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இந்தக் காரில் கிடையாது. தொழிற்சாலையில் பொருத்திய ஆக்ஸிஜன் சென்சாரோ 14.7-க்கு அக்கம்பக்கத்தில் மட்டுமே நம்பத்தக்கது.

ஆகவே பானெட்டைத் திறந்து ஐடிலில் கேஜைப் பார்த்துவிட்டு ‘பிரஷர் நல்லா இருக்கு’ என்று சொல்வது சோதனையே அல்ல. மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாகத்தான் கொட்டும். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறக்கும்போதுதான் அடைப்பு தெரியும். அழுத்தத்தை அளக்க வேண்டியது முழுச் சுமையில், அதுவும் இன்டேக் அழுத்தத்தோடு சேர்த்து, விநாடிக்குப் பல தடவை பதிவு செய்துதான். பெட்ரோல் குழாயை ஒருபோதும் காருக்குள் கொண்டுவரக் கூடாது. மின் சென்சாரின் ஒயர் மட்டும் உள்ளே வரட்டும். சென்சாரை எஞ்சின் மீதே திருகாமல் சிறு நெகிழ்குழாய் மூலம் தள்ளிப் பொருத்தினால் அதிர்வில் கெடாது.

பதிவான கோடுகள் நிறையப் பேசும். பூஸ்ட் ஏற ஏற வித்தியாசம் சரிந்தால் பம்பையோ ஃபில்ட்டரையோ பம்புக்குப் போகும் ஒயரையோ சந்தேகிக்கலாம். பம்பின் முனையில் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால் பாதி வழக்குகள் அங்கேயே முடியும் என்பது என் எண்ணம். இந்தக் காரில் இலகுவான ஓட்டத்துக்குப் பம்பின் வேகத்தைக் குறைக்கும் ரிலேயும் ரெசிஸ்டரும் உண்டு. அந்த ரிலே சிக்கிக்கொண்டால், முழு பூஸ்ட்டிலும் பம்பு அரைத்தூக்கத்திலேயே ஓடும். எஞ்சினை அணைத்ததும் அழுத்தம் சட்டென்று விழுந்தால் பம்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், அல்லது ஒழுகும் இன்ஜெக்டர் காரணம். ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கிறதா? டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

அழுத்தம் சரியாக இருந்தும் ஆபத்து மிச்சமிருக்கிறது. பல வருடம் ஓடாமல் நின்ற காரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி இன்ஜெக்டரின் நுண்வழியை அடைக்கும். ஒரே ஒரு 850 சிசி இன்ஜெக்டர் 20 சதவீதம் குறைவாகப் பீய்ச்சினால் அந்த ரோட்டருக்குப் போகும் மொத்தப் பெட்ரோலில் மட்டும் 12 சதவீதம் குறைந்துவிடும். 11 என்றிருந்த அதன் கலவை 12.5 ஆகும். ஆனால் புகைக்குழாயில் வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் இரண்டு ரோட்டர்களின் சராசரியையே பார்க்கிறது, அது 11.7 என்று காட்டும். ஓட்டுநர் நிம்மதியாக ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார், ஒரு ரோட்டர் வெந்துகொண்டிருக்கும். இதைப் பிடிக்க நம்பகமான வழி, நான்கையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஒரே அழுத்தத்தில் பீய்ச்சவிட்டு அளவையும் தூவும் வடிவத்தையும் ஒப்பிடுவது. மீயொலிக் கழுவலில் பெரும்பாலும் சரியாகும். திரும்பப் பொருத்தும்போது ஓ-ரிங்குகள் புதிதாக இருக்கட்டும்.

இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கும் வாங்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய சைலன்சருக்கும் கூடுதல் பூஸ்ட்டுக்கும் பணத்தை எடுத்துவைக்கும் முன், பெட்ரோல் குழாய்களை மாற்றுங்கள். எஞ்சின் மேல் இருந்து பெட்ரோல் அழுத்தத்தின் துடிப்பைத் தணிக்கும் பல்சேஷன் டாம்பர் வயதானால் ஒழுகித் தீப்பிடிக்கக் காரணமாகும், அதையும் பாருங்கள். பிறகு ஒரு அழுத்த சென்சாரைப் பொருத்தி, ஒரு தடவை முழுச் சுமையில் பதிவெடுங்கள். அந்தக் கோடு இன்டேக் அழுத்தத்தோடு சமமாக ஏறும் வரை பூஸ்ட்டைத் தொட வேண்டாம்.