ரயில்வே இணைப்பும் சரக்குப் போக்குவரத்தும்

அமெரிக்காவில் இரண்டு பெரிய ரயில்வே கம்பெனிகள் ஒன்றாகச் சேர உத்தேசித்திருக்கின்றன. மேற்கு மாகாணங்களில் ஓடும் யூனியன் பஸிபிக் கம்பெனி, கிழக்கு மாகாணங்களில் ஓடும் நார்போக் ஸதர்ன் கம்பெனியைச் சுமார் 8,500 கோடி டாலர் மதிப்பில் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் 2025 ஜூலை 29-ம் தேதி வெளியாயிற்று. இது நிறைவேறுமானால் 43 மாகாணங்களில் 50,000 மைலுக்கு மேற்பட்ட பாதை ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிடும். 1869-ம் வருஷத்திலேயே பஸிபிக் கரையைக் கிழக்குப் பிரதேசத்துடன் ரயில் இணைத்துவிட்டதாயினும், அந்நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஒரே கம்பெனியின் பாதை இதுவரை இருந்ததில்லை.

இதன் பலாபலனை அறிய, சரக்கு இன்று எவ்வாறு கைமாறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மிஸிஸிப்பி நதியை ஏறக்குறைய எல்லையாகக் கொண்டு, மேற்கே யூனியன் பஸிபிக்கும் பி.என்.எஸ்.எப். கம்பெனியும், கிழக்கே நார்போக் ஸதர்னும் ஸி.எஸ்.எக்ஸ். கம்பெனியும் பெரும்பாலான சரக்கை ஏற்றிச் செல்கின்றன. மேற்கிலிருந்து கிழக்கே போகும் வாகன்கள் சிகாகோ, ஸெயிண்ட் லூயி, மெம்பிஸ், நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஜங்ஷன்களில் ஒரு கம்பெனியிடமிருந்து மற்றொன்றுக்கு ஒப்படைக்கப்படுகின்றன. சிகாகோவில் பெட்டிச் சரக்கை ரயிலிலிருந்து இறக்கி, நகரத்தின் குறுக்கே லாரியில் கொண்டுபோய் மறுபடியும் ரயிலில் ஏற்றுவதும் உண்டு. இந்தக் கைமாற்றத்தை ஒழித்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ மிச்சமாகும் என்பது கம்பெனிகளின் வாதம். நதியின் இரு மருங்கிலுமுள்ள ஊர்களுக்கிடையே குறைந்த தூரத்துக்கு இரண்டு கம்பெனிகள் கூலியைப் பங்கிட்டுக்கொள்வதில் லாபமில்லாததால் லாரிகளிடம் போய்விட்ட சரக்கு, மீண்டும் ரயிலுக்கு வரும் என்றும் அவை சொல்லுகின்றன. இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. யூனியன் பஸிபிக் பாதை ஒன்றையே நம்பியிருக்கும் டெக்ஸாஸ் ரஸாயனத் தொழிற்சாலை ஒன்று அட்லாண்டாவுக்குச் சரக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அந்நகருக்கு நார்போக் ஸதர்னும் போகிறது, ஸி.எஸ்.எக்ஸும் போகிறது. நியூ ஆர்லியன்ஸில் எந்தக் கம்பெனியிடம் வாகனை ஒப்படைத்தாலும் யூனியன் பஸிபிக்குக்கு இன்று பெரிய வித்தியாசமில்லை. ஆகவே தொழிற்சாலைக்காரர் இருவரிடமும் பேரம் பேசிப் பார்க்கலாம். இணைப்புக்குப் பின் நிலைமை வேறு. கடைசி வரை தன் பாதையிலேயே போகும் சரக்குக்கு ஒரு கூலியும், ஜங்ஷனில் போட்டிக் கம்பெனியிடம் விடவேண்டிய சரக்குக்கு அதைவிடக் கடுமையான கூலியும் புதிய கம்பெனி விதிக்க முடியும். ஜங்ஷன் திறந்தே இருக்கும். அதன் வழியாகப் போகத்தான் கட்டுப்படியாகாது.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டு ரயில்வேக்கள் 'பிளாக் ரேட்' என்ற பெயரால் இதையே செய்தன. சரக்கு அருகிலுள்ள ஜங்ஷனில் வேறு ரயில்வேக்குப் போய்விடாதிருக்கும் பொருட்டு, அந்தக் குறுகிய தூரத்துக்கு மைலொன்றுக்கு அதிகக் கூலி வாங்கினார்கள். பாதையில் கதவு போடாமலே கட்டணத்தால் வழியை அடைக்கலாம் என்பதை நம் வியாபாரிகள் நஷ்டப்பட்டு அறிந்தார்கள்.

இணைப்புக்கு அநுமதி கிடைக்குமுன்னரே சரக்கு இடம் மாறத் தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் வெளியான மறுமாதமே பி.என்.எஸ்.எப்.பும் ஸி.எஸ்.எக்ஸும் கைகோத்து, தென் கலிபோர்னியாவிலிருந்து சார்லட்டுக்கும் ஜாக்ஸன்வில்லுக்கும், பீனிக்ஸிலிருந்து அட்லாண்டாவுக்கும் நேர்ப் பெட்டிச் சரக்கு ஸர்வீஸ்களை அறிவித்தன. போட்டிக் கம்பெனிகளின் இத்தகைய எதிர் நடவடிக்கைகளால் தனக்கு வரும் சரக்கு குறைகிறது என்று நார்போக் ஸதர்ன் நிர்வாகமே 2025-ம் வருஷத்திலேயே ஒப்புக்கொண்டது.

முன் அனுபவமும் நம்பிக்கை தருவதாயில்லை. யூனியன் பஸிபிக் 1996-ல் ஸதர்ன் பஸிபிக்கைச் சேர்த்துக்கொண்டது. மறு வருஷமே ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் வண்டிகள் நகரமுடியாமல் தேங்கின. நெருக்கடி உத்தரவு பிறப்பித்து, மற்றக் கம்பெனிகளைத் துணைக்கு அழைக்க நேர்ந்தது. 1999-ல் கான்ரெயில் கம்பெனியை நார்போக் ஸதர்னும் ஸி.எஸ்.எக்ஸும் பங்கிட்டுக்கொண்டபோதும் கிழக்கு மாகாணங்களில் சரக்குகள் வெகுவாகத் தாமதப்பட்டன. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே, பெரிய கம்பெனிகளின் இணைப்பு, போட்டியைக் காப்பது மட்டுமின்றி வளர்ப்பதாகவும் இருக்க வேண்டும், முக்கிய ஜங்ஷன்கள் திறந்திருக்க வேண்டும் என்று 2001-ல் அந்நாட்டுத் தரைவழிப் போக்குவரத்து போர்டு விதி வகுத்தது.

இவ்விரு கம்பெனிகளும் 2025 டிசம்பரில் கொடுத்த மனுவை 2026 ஜனவரியில் அதே போர்டு பூர்த்தியற்றதென்று திருப்பியது. திருத்தி மறுபடி தாக்கல் செய்வதற்கு மட்டும் இடம் விட்டது. இணைப்புக்குப் பின் சரக்கில் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பங்கு சேரும் என்ற மதிப்பீடு போதாது என்பது குறைகளுள் ஒன்று. போர்டு கேட்டது சரியான கேள்வி என்றே நாம் கருதுகிறோம்.

ஜங்ஷன்களைத் திறந்து வைப்போம் என்று கம்பெனிகள் வாக்களிக்கின்றன. வாக்குறுதி மட்டும் போதாது. ஜங்ஷன் வரையிலான கூலி, சொந்தப் பாதையில் வாங்கும் கூலியுடன் ஒப்பிட நியாயமானதாய் இருக்க வேண்டும். அதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தகராறு வந்தால் தானியம் விற்கும் விவசாயியும் சிறு தொழிற்சாலைக்காரரும் அதிகச் செலவின்றி முறையிட்டு விரைவில் தீர்ப்புப் பெற வழி வேண்டும். இவற்றை நிபந்தனைகளாக எழுதி, மீறினால் தண்டிக்கும் அதிகாரத்தைப் போர்டு தன் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால், இரண்டு நாள் மிச்சத்துக்காக அமெரிக்க வியாபாரிகள் பல வருஷங்கள் விலை கொடுக்க நேரும்.