எண், எண்ணுரு, அடையாளக்குறி: அறிவுக்கட்டமைப்பு உருவாக்கத்தில் கடலூர், சிதம்பரம் தரவுகள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய, கல்வெட்டுத் தரவுகளுக்கு ஆன்டாலஜி எனப்படும் அறிவுக்கட்டமைப்பை உருவாக்குவோர், இலக்கங்களால் எழுதப்பட்ட அனைத்தையும் எண்களாகவே பதிவு செய்துவிடுவதுண்டு. எண், அதனை எழுதிக்காட்டும் எண்ணுரு, ஒரு பொருளைச் சுட்டும் அடையாளக்குறி ஆகிய மூன்றும் வெவ்வேறு வகையின. அவற்றைப் பிரிக்காவிடின் ஆய்வு மேற்கோளே பிழைபடும் என்பதைக் கடலூர், சிதம்பரம் சார்ந்த தரவுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அறிவுக்கட்டமைப்பு, எண், எண்ணுரு, அடையாளக்குறி, தேவாரம், கல்வெட்டு.

முன்னுரை

தில்லைக்குரிய சம்பந்தர் பதிகங்களுள் ஒன்று, பண்முறைப் பதிப்புகளில் முதல் திருமுறையின் 80ஆம் பதிகமாக அமைந்துள்ளது. ஆய்வாளர் இதனை 1.80 எனச் சுட்டுவர். இக்குறியை விரிதாளில் உள்ளிட்டால், மென்பொருள் அதனைத் தசம எண்ணாகக் கொண்டு இறுதிச் சுழியத்தை நீக்கி 1.8 எனக் காட்டும். 1.8 என்பதோ திருஆவூர்ப் பசுபதீச்சரத்திற்குரிய பதிகம். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அட்டவணை ஒழுங்காகவே காட்சியளிக்கும். ஆயினும் ஒரு தலத்தின் பதிகம் வேறொரு தலத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும். இப்பிழைக்குக் காரணம் மென்பொருள் மட்டுமன்று. தரவின் வகையை முன்கூட்டியே வரையறுக்காமையே முதற்காரணமாகும்.

எண்ணும் எண்ணுருவும்

எண் என்பது கருத்து. எண்ணுரு அதன் எழுத்து வடிவம். 44, ௪௰௪, நாற்பத்து நான்கு ஆகிய மூன்றும் ஒரே எண்ணின் மூன்று வடிவங்கள். முதலாம் குலோத்துங்கனின் உடன்பிறந்தாளான குந்தவை தில்லைக் கோயிலுக்குப் பொன் வழங்கியதைக் கூறும் சிதம்பரக் கல்வெட்டு, அவ்வரசனின் 44ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 1114) சார்ந்தது. கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு சொல்லாலும் குறியாலும் வரும். வரலாற்றாய்வாளருக்கு ஆண்டின் மதிப்பு போதும். எழுத்தியல் ஆய்வாளருக்கோ கல்லில் உள்ள வடிவமே தரவு. எனவே மதிப்பையும் வடிவத்தையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும்.

பழந்தமிழ் எண்ணுருக்கள் இத்தேவையை மேலும் வலியுறுத்துகின்றன. ௪௰௪ என்பது இடமதிப்பு முறையில் எழுதப்பட்டதன்று. நான்கு, பத்து, நான்கு என்னும் குறிகளின் பெருக்கலும் கூட்டலுமே 44ஐத் தருகின்றன. யூனிகோடு ௧ முதல் ௯ வரையிலான குறிகளைத் தசம இலக்கங்களாகவும், ௰, ௱, ௲ ஆகியவற்றைப் பிற எண்குறிகளாகவும் வகைப்படுத்துகிறது. எக்ஸ்எம்எல் ஸ்கீமா, மதிப்பு வெளி, எழுத்துவடிவ வெளி என இரண்டைப் பிரித்தே காண்கிறது. ஆயினும் அதன் முழுஎண் வகை 0 முதல் 9 வரையிலான இலக்கங்களை மட்டுமே ஏற்கும். ஆகவே கல்வெட்டு வடிவத்தை எழுத்துச்சரமாகவே சேமிக்க இயலும்.

ஆட்சியாண்டு அளவெண்ணுமன்று, வரிசையெண்ணாகும். குலோத்துங்கன் 1070ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் அரியணை ஏறியதாகக் கொண்டால், 44ஆம் ஆண்டு 1113 நடுவில் தொடங்கி 1114 நடுவில் முடியும். 1070உடன் 44ஐக் கூட்டினால் மேற்கண்ட கல்வெட்டுக்குச் சரியான ஆண்டு கிடைப்பது தற்செயலே. அதே ஆட்சியாண்டில் 1113இன் இறுதியில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கு அக்கணக்கு பொருந்தாது.

அடையாளக்குறி

கடலூரின் அஞ்சல் குறியீடு 607001, சிதம்பரத்தினது 608001. இரண்டுக்கும் இடையிலான 1000 என்னும் வேறுபாடு தொலைவையோ மக்கள்தொகையையோ குறிப்பதன்று. 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த இம்முறையில் முதல் இலக்கம் மண்டலத்தையும் முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டத்தையும் சுட்டும். உள்ளமைப்பு இருப்பினும் அது பெயரே. கடலூரின் தொலைபேசிக் குறியீடான 04142ஐ முழுஎண்ணாகப் பதிவு செய்தால் முன்சுழியம் மறையும். எண்ணுக்கு முன்சுழியத்தால் மாற்றமில்லை; அடையாளக்குறியில் அதுவும் பெயரின் ஓர் எழுத்து. சுருங்கக் கூறின், அடையாளக்குறி எண்ணுருக்களால் ஆனது; எண்ணால் ஆனதன்று.

பதிகக் குறியும் இத்தகையதே. கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூருக்குரிய சம்பந்தர் பதிகம் 2.121. தசம எண்ணாக வரிசைப்படுத்தினால் அது 2.13க்கு முன்னே வந்துவிடும். உண்மையில் 108 பதிகங்கள் பின்னுள்ளது. மேலும் இக்குறி பண்முறை வரிசைக்கே உரியது. தலமுறைப் பதிப்புகளில் கோயில் எனப்படும் தில்லைப் பதிகங்கள் முதலில் வைக்கப்படும். அங்கு இவ்வெண் செல்லாது. எந்த முறைக்குள் வழங்கப்பட்டது என்பது தெரியாத அடையாளக்குறி முழுமையற்றது.

பெயருள் அமைந்த எண்

தில்லை மூவாயிரவர் என்னும் வழக்கு வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. தொல்காப்பியப் பெயரியல் உயர்திணைப் பெயர்களுள் எண்ணியற்பெயரையும் கூறுகிறது. மூவாயிரவர் என்பது மரபு கூறும் தொகையிலிருந்து எழுந்து, ஒரு குழுவின் பெயராக நிலைபெற்றது. இன்று அக்குழுவில் மூவாயிரம் பேர் இல்லை. எனினும் பெயர் பிழையாகிவிடவில்லை. ஆயிரங்கால் மண்டபம் என்பதும் அவ்வாறே. இச்சொற்களிலிருந்து தானியக்க முறையில் 3000, 1000 எனப் பிரித்தெடுத்து எண்ணிக்கைப் புலத்தில் இடுவது தவறாகும். பெயரைப் பெயராகப் பதிந்து, மரபுத்தொகையைச் சான்றுடன் கூடிய தனிக்கூற்றாக இணைப்பதே தகும்.

கட்டமைப்பில் அமைக்கும் முறை

பண்பாட்டு மரபுத் தரவுகளுக்கான சிடாக் சிஆர்எம் (ஐஎஸ்ஓ 21127), எண்ணை ஈ60 என்றும் அடையாளக்குறியை ஈ42 என்றும் வேறு வகுப்புகளாக வைக்கிறது. அலகுடன் கூடிய அளவுக்கு ஈ54 என்னும் வகுப்பு உண்டு. இதனை ஒட்டி, ஒரு தரவின் வகையைத் துணிய மூன்று வினாக்கள் பயன்படும்.

1. இதனைக் கூட்டினாலோ ஒப்பிட்டாலோ பொருள் உண்டா? பதிகத்தின் பாடல் தொகையைக் கூட்டலாம், அது எண். ஆட்சியாண்டுகளை முன்பின் என ஒப்பிடலாம், கூட்டலாகாது, அது வரிசையெண்.

2. எழுதும் வடிவத்தை மாற்றினால் தரவு இழக்கப்படுமா? இழக்கப்படுமாயின் எண்ணுருவையும் காக்க வேண்டும்.

3. இதனை யார், எந்த முறைக்குள் வழங்கினர்? இவ்வினா பொருந்துமாயின் அது அடையாளக்குறி. எழுத்துச்சரமாகப் பதிந்து முறையின் பெயரையும் இணைக்க வேண்டும்.

இதன்படி 1.80 என்பது எழுத்துச்சரமாக அமையும். அதனுடன் திருமுறை வரிசை 1, பதிக வரிசை 80 என்னும் இரு முழுஎண் பண்புகளும், பண்முறை என்னும் முறைப்பெயரும் இணையும். மேற்கோளும் வரிசையும் ஒருசேரக் காக்கப்படும். ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும் கல்வெட்டு ஆண்டறிக்கை எண்களுக்கும் இம்முறை பொருந்தும். வரிசை எண்ணும் ஆண்டும் சேர்ந்தே ஒரு கல்வெட்டைச் சுட்டுகின்றன.

முடிவுரை

இலக்கத்தால் எழுதப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு தரவு எண்ணாகிவிடாது. இவ்வேறுபாட்டைத் தரவு உள்ளீட்டுக்கு முன்பே வரையறுத்தல் எளிது. பின்னர் மீட்டல் அரிது. 1.8 எனச் சுருங்கிப்போன குறி முன்பு 1.80ஆக இருந்ததா என்பதை அட்டவணை சொல்லாது. அச்சு நூலை மீண்டும் புரட்டியே அறிய இயலும். பல கைகள் சேர்ந்து உருவாக்கும் தமிழ்த் தரவுத்தளங்கள், ஒவ்வொரு புலத்திற்கும் அதன் வகையை முதலிலேயே எழுதிவைத்தல் இன்றியமையாதது.