பழைய ஹெட்போனும் புதிய ஹெட்போனும்

காலியான கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து, அதன் வாய் விளிம்பில் கீழுதட்டை வைத்து மெல்ல ஊதிப் பாருங்கள். ‘பூம்’ என்று தாழ்ந்த ஒலி ஒன்று எழும். எவ்வளவு மெதுவாக ஊதினாலும் பெரும்பாலும் அதே சுருதிதான். புட்டியில் பாதியளவு தண்ணீர் ஊற்றிவிட்டு ஊதினால் சுருதி உயர்ந்துவிடும். இந்த விளையாட்டை நீங்கள் சிறுவயதில் ஆடியிருப்பீர்கள். உலகில் மிகுந்த விலைக்கு விற்கும் ஹெட்போன்களுள் ஒன்றைத் திருத்தியமைக்க இதே விளையாட்டுத்தான் பயன்பட்டது என்றால் நம்புவீர்களா?

இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்துவிட்டவர் என்னோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர். ஒலிப்பதிவுத் தொழில் செய்கிறார். அவரிடம் சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 800 என்னும் ஹெட்போன் இருக்கிறது. அதற்குப் பின் வந்த எச்.டி. 800 எஸ் என்னும் மாதிரியை வாங்கப் பழையதை விற்றுவிட எண்ணினார். “நீ பௌதிக வாத்தியார்தானே! இரண்டுக்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா, இல்லை பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துப் பணம் பறிக்கிறார்களா, சொல்லு” என்றார். சில மாத வருமானம் அதில் அடங்கியிருந்தது. ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் சற்று வரலாறு. 1945-ல் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அருகே ஃபிரிட்ஸ் சென்ஹைசர் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் இந்நிறுவனமாயிற்று. 1968-ல் அது வெளியிட்ட எச்.டி. 414, காதை இறுக மூடாத ‘திறந்த’ வகை ஹெட்போன்களுக்கு வழிகாட்டியது. அதன் மின்மறுப்பு 2,000 ஓம். பின்னர் 1997-ல் எச்.டி. 600, 2003-ல் எச்.டி. 650, 2009-ல் எச்.டி. 800 ஆகியவை வந்தன. கடைசியில் சொன்னது வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 1,400 டாலர். 2016-ல் கடைக்கு வந்த 800 எஸ் சுமார் 1,700 டாலர். பழையது வெள்ளி நிறம், புதியது கறுப்பு. இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை, ஒரே உருவம். கண்ணை மூடிக்கொண்டு தலையில் மாட்டினால் எது எதுவென்று கைக்குத் தெரியாது.

ஹெட்போன் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்ததே. நிலையான காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். பாட்டின் மின்னோட்டம் அதில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். அதனோடு ஒட்டிய மெல்லிய அதிர்தகடு காற்றைத் தள்ளி இழுக்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் தகடு முழுவதும் ஒரே உடலாக அசைகிறது. அதிர்வெண் உயர உயர இந்த ஒற்றுமை குலைகிறது. விளிம்பு ஒரு பக்கம் போக, நடுப்பகுதி மறுபக்கம் போகும். வேட்டியை உதறும்போது அதில் அலைகள் நெளிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தைக் குறைக்க எச்.டி. 800-ல் தகட்டின் நடுப்பகுதியையே நீக்கிவிட்டார்கள். 56 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையமே அதில் அதிர்கிறது. உளுந்து வடையின் உருவம் என்றால் சட்டென்று விளங்கும்.

வளையம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இன்னொரு தொல்லை இருந்தது. 6,000 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒலி சில டெசிபல் அதிகமாக எழும்பியது. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர். அதை 6,000-ஆல் வகுத்துப் பாருங்கள்; அலைநீளம் 5.7 சென்டிமீட்டர் வரும். காதைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் உள்ளளவும் ஏறத்தாழ இந்த அளவினதே. அலைநீளமும் அறையின் அளவும் இப்படி நெருங்கி வரும்போது எதிரொலித்த அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சில அதிர்வெண்களை வலுப்படுத்துவது இயற்கை. வெற்றுக் குளியலறையில் பாடினால் சில சுரங்கள் மட்டும் கணீரென்று ஒலிக்கிறதே, அதே கதைதான்.

6,000 ஹெர்ட்ஸ் என்பது எங்கே கேட்கும்? ‘ஸ்’ என்னும் எழுத்தின் சீறலில், ஜால்ராவின் கணீரில், வயலின் வில் கம்பியில் உரசும் ஓசையில். இவை சற்றே மிகுந்தால் முதல் ஐந்து நிமிடம் ‘ஆகா, எவ்வளவு தெளிவு!’ என்று தோன்றும். ஒரு மணி நேரம் கழித்துக் காது களைத்துவிடும். எச்.டி. 800-ஐப் புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் இந்த ஒரே பண்பைத்தான் இரண்டு பெயர்களால் சொன்னார்கள் என்பது என் எண்ணம்.

இனிப் புட்டிக்குத் திரும்புவோம். புட்டியின் கழுத்திலுள்ள காற்று ஒரு சிறு எடை. வயிற்றிலுள்ள காற்று ஒரு சுருள்வில். எடையும் வில்லும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இத்தகைய வெற்றுக் கோளங்களைக் காதில் வைத்து, இசை ஒலியில் கலந்துள்ள சுரங்களைப் பிரித்தறிந்தார். அதனால் இதற்கு ‘ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி’ என்று பெயர். கழுத்தின் குறுக்குப் பரப்பு அதிகமானால் அதிர்வெண் உயரும். கழுத்தின் நீளமோ வயிற்றின் கொள்ளளவோ அதிகமானால் தாழும். 750 மில்லிலிட்டர் புட்டிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 100 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இதில் ஓர் அழகு உண்டு. புட்டியின் எல்லா அளவுகளையும் 60-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதிர்வெண் 60 மடங்காகும். அதாவது, 30 சென்டிமீட்டர் உயரமுள்ள புட்டியை 5 மில்லிமீட்டராகச் சிறுக்கவைத்தால் அது 6,000 ஹெர்ட்ஸில் பாடும்!

புதிய மாதிரியில் செய்தது இதுவே. வளையத்தின் நடுவே, வடையின் ஓட்டை இருந்த அந்த வெற்றிடத்தில், ஒலியை உறிஞ்சும் சிறு ஒத்ததிர்வி ஒன்றை அமைத்தார்கள். ஊதினால் பாடும் பொருள் எப்படி ஒலியை உறிஞ்சும் என்று கேட்பீர்கள். தன் இயல்பு அதிர்வெண்ணில் வரும் ஒலியை அது ஆவலோடு வாங்கிக்கொண்டு வேகமாக அசைகிறது. அசையும் காற்றை நுண்ணிய துளைகளின் வழியே உரசிப் போகச் செய்தால் ஆற்றல் வெப்பமாகிவிடும். மற்ற அதிர்வெண்களை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே 6,000-த்தின் மேடு மட்டும் தாழ்கிறது. நிறுவனம் இந்த உத்தியை முதலில் காதுக்குள் செருகும் ஐ.ஈ. 800 என்னும் சிறிய வகையில் கையாண்டது. அங்கிருந்துதான் இது பெரியதற்கு வந்தது.

மேடு தாழ்வதால் கிடைக்கும் பயன் காது களைக்காதது மட்டுமன்று. பலத்த ஒலி ஒன்று, அதனருகே, குறிப்பாக அதைவிடச் சற்று உயர்ந்த அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலிகளை நம் காதிலிருந்து மறைத்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் கொலுசுச் சத்தம் கேட்குமா? மேட்டைக் குறைத்ததும் மறைந்திருந்த நுண்ணொலிகள் வெளிப்படுகின்றன.

ஆக, வித்தியாசம் உண்மைதான். ஆனால் நண்பரின் கேள்வி அது மட்டுமன்றே! பழையதை வைத்தே அந்தப் பயனைப் பெற இயலாதா? பல ரசிகர்கள் பழைய ஹெட்போனின் கிண்ணத்துக்குள் மெல்லிய கம்பளித் துணியையும் நுரைத் துண்டுகளையும் ஒட்டி மேட்டைத் தணித்துக்கொண்டார்கள். அதைவிட எளிய வழி ஈக்குவலைசர். இன்று கணினியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 6,000 ஹெர்ட்ஸை மையமாக வைத்துச் சில டெசிபல் குறைத்தால் போதும். “மேடு குறையும், ஆனால் ஒலி நின்ற பிறகும் கிண்ணத்துக்குள் அது சற்று நேரம் நீள்கிறதே, அதை ஈக்குவலைசர் எப்படிக் குறைக்கும்?” என்று சிலர் வாதிடுவார்கள். அதிர்வெண்ணில் தெரியும் மேடும் நேரத்தில் தெரியும் நீட்சியும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகங்கள். ஒன்றைச் சரியாக எதிர்த்துச் செய்தால் மற்றதும் அடங்கும்.

இரண்டையும் ஒப்பிடுவோர் விழும் பள்ளங்களைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமையாகாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை ஒரே பாட்டை ஒரே ஹெட்போனில் இருமுறை ஒலிக்கச் செய்தேன். இரண்டாவது முறை 1 டெசிபல் மட்டும் கூட்டிவைத்தேன். மின்னழுத்தத்தில் 12 சதவீத வேறுபாடுதான். ‘ஒலி கூடியது’ என்று ஒரு மாணவர்கூடச் சொல்லவில்லை. ‘இரண்டாவது தெளிவாக இருக்கிறது’, ‘குரல் முன்னால் வருகிறது’ என்றார்கள். 800 எஸ்-ஐ நான்கு முனைகள் கொண்ட சமநிலைக் கம்பியுடனும் சேர்த்து விற்றார்கள். பல ஒலிபெருக்கிகள் அந்தத் துளையில் இரு மடங்கு மின்னழுத்தம் தரும். அது 6 டெசிபல் உயர்வு! பழையதைச் சாதாரணக் கம்பியிலும் புதியதைச் சமநிலைக் கம்பியிலும் கேட்டுவிட்டு ‘வானுக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம்’ என்று எழுதியவர்கள் எதைக் கேட்டார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கிண்ணத்தைக் காதின்மேல் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலும் உயர் அதிர்வெண்கள் மாறும். பல ஆண்டுகள் உழைத்த காதுமெத்தை அமுங்கி, தகடு காதை நெருங்கிவிட்டாலும் மாறும். பத்தாண்டு பழையதைப் புத்தம் புதியதோடு ஒப்பிடுபவர் மெத்தையைத்தான் ஒப்பிடுகிறாரோ என்னவோ.

விலையையும் நம்ப முடியாது. 2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அட்டைப்பெட்டியின்மேல் உள்ள எண்களும் அப்படியே. இந்த இரு மாதிரிகளும் 51,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்கிறார்கள். மனிதக் காதுக்கு எல்லை 20,000. வகுப்பில் 16,000 ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டால் மாணவர்கள் கை தூக்குகிறார்கள். முப்பதுகளில் இருக்கும் நான் அவர்கள் கைகளைப் பார்த்துத்தான் ஒலி வருகிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

கடைசியில் நண்பரின் எச்.டி. 800-ஐயே எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தோம். 6,000 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைக்கும்படி ஈக்குவலைசரை அமைத்தோம். அவர் காசைச் சுண்டுவார். தலை விழுந்தால் அதை இயக்குவார், பூ விழுந்தால் நிறுத்துவார். கண்ணை மூடியிருக்கும் நான் எந்த நிலை என்று சொல்லவேண்டும். வெறும் ஊகத்தால் 10-க்கு 9 அல்லது 10 சரியாக வருவதற்கு வாய்ப்பு 1,024-ல் 11 மட்டுமே. ஜால்ராவும் கைத்தட்டலும் நிறைந்த பஜனைப் பதிவில் 9 முறை சரியாகச் சொன்னேன். தனிப் புல்லாங்குழல் பதிவில் 6 முறைதான். அதைக் காசே சொல்லியிருக்கும்! குழலின் ஒலியில் அந்த உயரத்தில் ஆற்றல் குறைவு. இல்லாத ஒலியை மேடு எப்படி உயர்த்தும்? பிறகு நண்பர் கண்ணை மூடினார். பஜனையில் அவருக்கு 10-க்கு 10. தொழில் தெரிந்த காது!

அவர் பழையதை விற்கவில்லை. நைந்துபோன காதுமெத்தைகளை மட்டும் மாற்றினார். மாற்றியதும் ஒலி வேறாகிவிட்டது. ஈக்குவலைசரை முதலிலிருந்து மறுபடி பொருத்த எங்களுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.