முன்கண்ணாடியில் விழும் ஒளித்திரை

உச்சிவெயிலில் ஓடும் காரின் முன்கண்ணாடியில், டாஷ்போர்டின் மேற்பரப்பு மங்கலான உருவமாகப் படிந்து, அதன் ஊடாகவே ஓட்டுநர் சாலையைப் பார்க்க வேண்டிய நிலை ஏற்படுவது உண்டு. சுங்கச்சாவடியில் வாங்கிய ரசீதை அங்கே வைத்தால், அது சாலையின் நடுவே மிதக்கும் வெண்கட்டமாகத் தெரியும். காட்சியின் மீது வேண்டாத ஒளி இவ்வாறு படர்ந்து விவரங்களை மறைப்பதை ஒளித்திரை எனலாம். இது கண்ணை உறுத்தும் தொல்லை மட்டுமன்று. எதிரில் இருப்பதைக் காணவிடாமல் செய்யும் ஆபத்தும் ஆகும்.

கண்ணாடி ஒளியை ஊடுருவ விடுவதோடு அதில் ஒரு பகுதியை எதிரொளிக்கவும் செய்கிறது. ஒளி நேர்க்குத்தாக விழும்போது ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதமே திரும்புகிறது. ஆனால் இக்காலக் கார்களின் முன்கண்ணாடி, காற்றின் தடையைக் குறைப்பதற்காக நன்கு சாய்த்துப் பொருத்தப்படுவதால், டாஷ்போர்டிலிருந்து மேலெழும் ஒளி அதன் மீது சாய்வாகவே விழுகிறது. கண்ணாடிக்கு வரையப்பட்ட செங்குத்துக் கோட்டிற்கும் விழும் ஒளிக்கும் இடைப்பட்ட கோணமான படுகோணம் 60 பாகையாக இருந்தால், கண்ணாடியின் இரு பரப்புகளும் சேர்ந்து சுமார் 16 சதவீத ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் மதிப்பிடலாம். ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டலா என்று அளப்பர். புளியமர நிழல் விழுந்த தார்ச்சாலையின் பிரகாசம் இந்த அளவில் சுமார் 200 எனக் கொள்ளலாம். நேர் வெயிலில் இருக்கும் கறுப்பு டாஷ்போர்டு, தன் மீது விழும் ஒளியில் 5 சதவீதத்தை மட்டுமே திருப்பினாலும், அது கண்ணாடியில் உண்டாக்கும் ஒளித்திரை ஏறத்தாழ 180 ஆகிவிடுகிறது; 40 சதவீதத்தைத் திருப்பும் வெளிர்நிற டாஷ்போர்டாக இருந்தால் அது 1,400ஐத் தாண்டுகிறது. அதாவது, நிழலுக்குள் கருநிற உடையில் சாலையைக் கடப்பவருக்கும் அவர் பின்னால் உள்ள சாலைக்கும் இடையிலான சிறிய வேறுபாடு, அதைப்போலப் பல மடங்கு பிரகாசமான திரைக்குள் அமிழ்ந்துபோகிறது.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அணிவது ஏன் போதாது என்பதும் இங்கே தெளிவாகிறது: அது சாலையின் ஒளியையும் திரையின் ஒளியையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறதே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பதில்லை. முன்கண்ணாடியில் கருந்தாள் ஒட்டுவதும் தீர்வன்று. முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை ஊடுருவ விட வேண்டும் என்பது இந்திய மோட்டார் வாகன விதி.

அந்த இரண்டு ஒளிகளையும் பிரிக்கும் வழியை இயற்பியல் காட்டியிருக்கிறது. 1808இல் பாரிஸில் எத்தியென் லூயி மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் எதிரொளித்த மாலை வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்து, எதிரொளித்த ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் ஒழுங்குபடுகிறது என்னும் உண்மைக்கு வழிதிறந்தார். இதுவே தளவிளைவு எனப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு படுகோணத்தில் இந்த ஒழுங்கு முழுமையடைகிறது என்பதை 1815இல் டேவிட் ப்ரூஸ்டர் விதியாக வகுத்தார். சாதாரணக் கண்ணாடிக்கு அக்கோணம் சுமார் 57 பாகை; சாய்ந்த முன்கண்ணாடியில் நிகழும் எதிரொளிப்பு அதற்கு மிக அருகில் அமைவதால், ஒளித்திரையின் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும் ஒளியாகவே இருக்கிறது. கிடைமட்ட அதிர்வைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடியை அணிந்தால் திரை வெகுவாக மறைந்து, சாலையின் ஒளி அதைவிடக் குறைவாகவே மங்குகிறது. அக்கண்ணாடியைக் கழற்றிக் கண்முன் பிடித்துக் கால்வட்டம் திருப்பினால், மறைந்த டாஷ்போர்டு உருவம் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். தாள் வடிவிலான தளவிளைவிப்பானுக்கு 1929இல் காப்புரிமை கோரிய எட்வின் லேண்டின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று, எதிரே வரும் கார்களின் முகப்பு விளக்குக் கூச்சத்தைத் தணிப்பதே ஆகும்.

ஆயினும் போலராய்டு கண்ணாடிக்கு எல்லைகள் உண்டு. சில மின்திரைகள் அதன் வழியே இருண்டு தெரியும். முன்கண்ணாடியில் எண்களை எதிரொளித்துக் காட்டும் கருவிகளின் ஒளியும் மங்கும். இரவில் அதை அணியவே கூடாது. எனவே ஒளித்திரையை அது பிறக்கும் இடத்திலேயே தடுப்பதுதான் முதல் வழி. இழைகளுக்கு இடையே ஒளியைச் சிக்கவைத்து உறிஞ்சும் கறுப்பு வெல்வெட் விரிப்பு, பளபளப்பற்ற டாஷ்போர்டைவிடவும் சிறப்பாகப் பயன்தரும். அது ஏர்பேக் திறக்கும் பகுதியை மறைக்காமலும் நழுவாமலும் இருக்க வேண்டும். பளபளப்பூட்டும் பாலிஷ், வெள்ளைத் துண்டு, காகிதங்கள், மின்னும் பொம்மைகள் ஆகியவற்றை அங்கிருந்து அகற்ற வேண்டும். வெயிலில் சூடேறும் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்கள் முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து ஒளியைச் சிதறடிப்பதால், உட்புறத்தையும் தவறாமல் துடைப்பது அவசியம்.

வயது கூடக்கூடக் கண்ணின் வில்லையும் ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குவதால், இளைஞர் பொறுத்துக்கொள்ளும் ஒளித்திரை முதியவரின் பார்வையைப் பெரிதும் பாதிக்கும். ஆகவே கார் வாங்குவோர் உட்புற நிறத்தை அழகு கருதி மட்டும் தேர்ந்தெடுக்காமல், இருக்கைகள் எந்த நிறத்தில் இருந்தாலும் டாஷ்போர்டின் மேற்பரப்பு கருமையாகவும் பளபளப்பின்றியும் இருக்கிறதா என்பதை வெயிலில் நிறுத்திப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.