பிரவுனின் கத்தரியும் ஒரு கைக்கண்ணாடியும்

1867 ஏப்ரல். லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் காரசாரமான கூட்டம். ஐசக் பேக்கர் பிரவுனை உறுப்பினராக வைத்திருப்பதா, நீக்குவதா? நீக்கச் சொன்னவர்கள் 194 பேர். அவருக்காக நின்றவர்கள் 38 பேர்.

பிரவுன் லேசுப்பட்ட ஆள் இல்லை. நகரின் பேர்பெற்ற அறுவை மருத்துவர். பெண்களுக்கு வரும் வலிப்பு, ஹிஸ்டீரியா, மனக்கோளாறு பலவற்றுக்கும் சுயஇன்பம்தான் வேர் என்று அடித்துச் சொன்னவர். சொன்னதோடு நிற்கவில்லை. பெண்களைக் குளோரோஃபார்மில் மயக்கி, பெண்குறியின் மொட்டான கிளிட்டோரிஸைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். கத்தியைவிடக் கத்தரியே தனக்கு வசதி என்று 1866-இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியும் வைத்தார். விவாகரத்து கேட்கத் துணிந்த மனைவியரும் அவருடைய மேசையில் படுக்கவைக்கப்பட்டார்கள்.

சங்கம் கொதித்தது எதற்கு? நோயாளிக்கும் கணவருக்கும் ஒழுங்காகச் சொல்லாமல் செய்துவிட்டாரே என்பதற்குத்தான் பெரிதும். சுயஇன்பத்தால் பெண்ணுக்கு நோய் வரும் என்பதை அவரை எதிர்த்தவர்களிலேயே பலர் நம்பினார்கள். மனசு ஆறாத இடம் இது. பிரவுன் வெளியே போனார். அந்த நம்பிக்கை மருத்துவத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

1953-இல் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் கின்ஸி, ஏறக்குறைய 6,000 பெண்களிடம் பேட்டி கண்டு எழுதிய அறிக்கை வந்தது. அவர்களில் 62 சதவீதம் பேர் சுயஇன்பம் அனுபவித்தவர்கள். ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் செய்வதை எந்த முகத்தோடு நோய் என்பது?

1972-இல் நிலைமை தலைகீழானது. உச்சமே அறியாத பெண்களுக்கு சுயஇன்பத்தையே சிகிச்சையாக்கி, லோபிக்கோலோ, லோபிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒன்பது படிகள் வகுத்தார்கள். முதல் படியில் தொடுவதற்கு அவசரமே இல்லை. குளித்துவிட்டு, கைக்கண்ணாடியை வைத்துத் தன் உறுப்பைத் தானே பார்க்க வேண்டும். கல்யாணமாகி ஆண்டுகள் கடந்தும் அதைப் பார்த்திராத பெண்கள் உண்டு. அவர்களுக்கு அந்தக் கண்ணாடியே பாதி வைத்தியம்.

சுயஇன்பத்தால் கருப்பை கெடும், பிள்ளை பிறக்காது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கையும், பயன்படுத்தும் பொருளும் சுத்தமாக இருந்தால் போதும். வலி நீடித்தாலோ ரத்தம் கசிந்தாலோ மகளிர் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

பெண்ணுறுப்பைப் பார்க்க மறந்தது பெண்கள் மட்டுமல்ல, பாடப்புத்தகங்களும்தான். மெல்பர்னைச் சேர்ந்த சிறுநீரியல் அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல், இறந்த பெண்களின் உடல்களைக் கூறாய்வு செய்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிளிட்டோரிஸில் வெளியே தெரியும் மொட்டு சிறு நுனிதான். உள்ளே இரு கால்களும் குமிழ்களுமாக அந்த உறுப்பு சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து விரிந்திருக்கிறது என்று காட்டினார். புராஸ்டேட் அறுவையின்போது ஆணின் நரம்பைக் காப்பாற்றும் முறை 1980-களிலேயே வந்துவிட்டது. பெண்ணின் இடுப்பில் கத்தி வைக்கும் மருத்துவருக்கோ, எதைக் காப்பாற்றுவது என்று காட்டும் சரியான படம்கூட அப்போது புத்தகத்தில் இல்லை. ஓ'கானல் வரைந்து கொடுத்தது அந்தப் படத்தைத்தான்.

(தொடரும்)