ஞாயிற்றுக்கிழமை யாருக்கு லீவு?

திருப்பூரில் வாரம் முடிவது சனிக்கிழமை சாயங்காலம். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் அன்றைக்குத்தான் கைக்கு வரும். மளிகைக் கடைப் பாக்கி, மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை, பிள்ளைகளின் வேன் பணம் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே பாதி கரைந்துவிடும். மீதியை எண்ணி வைத்துவிட்டு, "அப்பாடா, நாளைக்கு லீவு" என்று கணவர் கட்டிலில் சாய்வார். அதே ஷிப்ட்டை முடித்துவிட்டு வந்த மனைவி, அடுப்படியில் நின்றபடியே நாளைக்கு என்னென்ன கிடக்கிறது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருப்பார். இந்த ஊரின் லைன் வீடுகளில் நான் போய்வந்த மட்டும், பெரும்பாலான கதவுகளுக்குள் இதுதான் நிலவரம்.

திருப்பூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. "நான் சம்பாதிக்கிறேன், நீ வீட்டைப் பார்த்துக்கொள்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. 1978ல் இத்தாலிக்குப் போன சரக்கில் தொடங்கிய ஏற்றுமதி, இன்று ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு வளர்ந்து நிற்கிறது என்றால், அதில் பெண்களின் உழைப்பு படாத துணி ஒன்றுகூட இருக்காது. கட்டிங்கிலும் அயர்னிங்கிலும் ஆண்கள் அதிகம். செக்கிங்கிலும் பிசிறு வெட்டுவதிலும் பெண்கள் அதிகம். ஓவர்லாக், சிங்கர் தையல் மெஷின்களில் இருவரும் உட்காருகிறார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். சரக்கு அவசரம் என்றால் ராத்திரி எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே சைரன், ஒரே சம்பளக் கிழமை. வீட்டு வாசற்படி தாண்டிய பிறகுதான் வித்தியாசம் தொடங்குகிறது.

ஞாயிறு விடுமுறை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததல்ல. பம்பாய் மில்களில் வாரம் முழுக்க உழைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் போராடினார். 1890 ஜூன் 10 அன்று மில் முதலாளிகள் இறங்கிவந்து ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948ன் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை எழுத்திலேயே வைத்தது. அந்தப் போராட்டத்தின் பலனைத்தான் இன்று ஒவ்வொரு தொழிலாளியும் அனுபவிக்கிறார். ஆனால் அது மில் கேட்டோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் அந்த விடுமுறை ஆம்பளைக்கு மட்டும்தான் வந்து சேர்ந்தது.

அந்த வீட்டு ஞாயிறு எப்படிப்பட்டது? ஆறு நாள் துணி குவிந்து கிடக்கும். பஞ்சுத் தூசி ஏறிய சட்டை, பிள்ளைகளின் யூனிபார்ம், போர்வை. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்த கதை ஊருக்கே தெரியும். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை கட்டாயமாக நடைக்கு வந்தது. ஆனாலும் பல தெருக்களில் நிலத்தடி நீர் இன்றைக்கும் உப்புக் கரிக்கிறது. மாநகராட்சியின் நல்ல தண்ணி தினமும் வருவதில்லை. அது ஞாயிறன்று வந்துவிட்டால் குடம், பக்கெட், ட்ரம் என்று வீட்டில் உள்ள அத்தனையும் வாசலுக்கு வரும். அதற்கு நடுவில் கறிக்குழம்பு, வீடு கூட்டித் துடைப்பது, வாரத்துக்கு மாவு அரைப்பது, மகளுக்குத் தலை பார்ப்பது. திங்கட்கிழமை காலையில் இந்தப் பெண்கள் கம்பெனிக்குக் கிளம்புகிற வேகத்தைப் பார்த்தால், ஓய்வெடுக்கத்தான் அங்கே போகிறார்களோ என்று தோன்றும்.

இது என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற விஷயமல்ல. மத்திய அரசு 2019ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. வீடு வீடாகப் போய், முந்தைய 24 மணி நேரத்தை எப்படிக் கழித்தீர்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படிக் கை வைத்தவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024ல் அதே ஆய்வை மறுபடி நடத்தியபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் சுமை பத்து நிமிடம் இறங்கியிருக்கிறதே என்று மகிழ்வதற்குள், ஆண்களின் பங்கு ஒன்பது நிமிடம் இறங்கியிருப்பது கண்ணில் படுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 202 நிமிடமாக இருந்தது, 201 ஆகியிருக்கிறது. ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு நிமிடம்.

ஊத்துக்குளி சாலைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருக்கும் தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் ஓவர்லாக் டைலர், அவர் மனைவி செக்கிங். பெண் ஒன்பதாவது, பையன் ஆறாவது படிக்கிறார்கள். இந்த வீட்டில் வாரத்துக்கு இட்லி மாவு அரைப்பது கணவர்.

ஞாயிறு காலையில் கறிக்கடைக்குக் கிளம்பும் முன்பே, நாலு டம்ளர் இட்லி அரிசியையும் ஒரு டம்ளர் உளுந்தையும் தனித்தனியாக ஊறப் போட்டுவிடுகிறார். உளுந்தோடு அரை ஸ்பூன் வெந்தயம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கிறது. 2011ல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் ஊரில் அம்மாவுக்குக் கிடைத்தது அது. இங்கே வந்து சேர்ந்து இன்றும் ஓடுகிறது. உளுந்தை முதலில் போடுகிறார். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கையால் அள்ளி அள்ளித் தெளிக்கிறார். அரைமணி நேரம் போனதும் ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுகிறார். மிதக்கிறது. உளுந்தை வழித்துப் பெரிய போசியில் போட்டுவிட்டு அரிசியைத் தள்ளுகிறார். அது நறநறப்பாக அரைந்ததும் உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக் கலக்குகிறார். பிறகு கல்லைக் கழுவி, ட்ரம்மைக் கவிழ்த்து, தரையில் சிந்தியதைத் துடைத்து, துடைத்த துணியையும் அலசிக் காயப்போட்ட பிறகுதான் அவர் கணக்கில் மாவரைப்பது முடிகிறது. மாவை அரைத்துவிட்டு ட்ரம்மை அப்படியே விட்டுவிட்டுப் போகும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கழுவாத கிரைண்டர் பெண்களுக்கு இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

"மொதல்ல நானும் கேட்டுக் கேட்டுத்தானுங்க செஞ்சுட்டிருந்தேன்" என்றார் அவர். "உளுந்து எந்த டப்பாவுல இருக்குது, எத்தனை டம்ளர் போடோணும், வெந்தயம் தீந்துபோச்சா... ஒருநாள் அம்மிணி சொல்லிப்போட்டா, 'நீங்க இத்தனை கேள்வி கேக்கறதுக்கு நானே அரைச்சுப் போட்டுடுவனுங்க'ன்னு."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுவதும் அந்த அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வீட்டு வேலை என்றால் கை செய்கிற வேலை மட்டுமில்லை. உளுந்து தீரப் போகிறது என்று வியாழக்கிழமையே நினைவு வைத்திருப்பது, கேஸ் எப்போது புக் பண்ண வேண்டும் என்பது, பையனின் வெள்ளை ஷூ திங்கட்கிழமைக்குள் காய வேண்டும் என்பது, மாமியாரின் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பது எல்லாம் வேலைதான். அது ஒரு நாளும் ஓய்வதில்லை. கணவர் கையை மட்டும் கொடுத்துவிட்டு நினைவை மனைவியிடமே விட்டுவைத்தால், மனைவிக்குப் பாரம் குறைவதில்லை. மேஸ்திரி வேலையும் சேர்ந்துகொள்கிறது. தாராபுரத்துக்காரர் இப்போது உளுந்து வாங்குவதிலிருந்து ட்ரம் கழுவுவது வரைக்கும் தன் பொறுப்பில் வைத்திருக்கிறார். மாவு விஷயத்தை மனைவி நினைப்பதே இல்லை. அவருக்குக் கிடைத்த உண்மையான லீவு அதுதான்.

எப்படி வந்தது இந்த மாற்றம் என்று கேட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பெனிகள் எல்லாம் மூடிய நாட்களைச் சொன்னார். "நான் டிவி முன்னால சும்மா உக்காந்திருந்தனுங்க. ரெண்டு பேருக்குமே வேலை இல்லை. ஆனா அம்மிணி மட்டும் உக்காரவே இல்லை. அது அதுவரைக்கும் எங்கண்ணுக்குத் தெரியலைங்க" என்றார்.

மனைவி குறுக்கே வந்து, "கறி மட்டும் என் கையில உட்டுப்போடோணுமுங்க" என்றார். மசாலா அரைப்பதும் தாளிப்பதும் அவருக்குப் பிடித்த வேலை. அதை யாருக்கும் தர மாட்டார். துணி இருவரும் சேர்ந்து. அவர் துவைக்க, கணவர் அலசிப் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போடுகிறார். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் ரேஷன் கடை திறந்திருக்கும் என்பதால், கைரேகை வைத்துச் சாமான் வாங்கி வருவதும் கணவர்தான். காய்ந்த துணியை மடிப்பது பிள்ளைகள். அக்கா மடிக்கட்டும் என்று தம்பி தப்பிக்க முடியாது. சரிபாதி என்று சொல்லிவிட முடியாது. வாரநாட்களின் சமையலில் பெரும்பகுதி இன்னும் அந்த அம்மாவின் தலையில்தான். ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு பேரும் கிளம்பத் தயாராகிவிடுகிறார்கள். பக்கத்து வீடுகளில் அந்த நேரத்துக்குப் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கே போகிறார்கள்? பெரிய இடம் ஒன்றுமில்லை. அரசு டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கும் மகளுக்கும் கட்டணம் கிடையாது. காதர்பேட்டைப் பக்கம் நடைபாதைக் கடைகளில் பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் பார்ப்பார்கள். தாங்கள் தைத்த ரகம் கடையில் தொங்கினால் தையலைத் திருப்பிப் பார்ப்பார் கணவர். அளவு சரியா என்று விரித்துப் பார்ப்பார் மனைவி. தள்ளுவண்டியில் காளான் சாப்பிடுவார்கள். சில ஞாயிறுகளில் அவிநாசி கோயில். வாரத்தில் இருவரும் அவசரமில்லாமல் பேசிக்கொள்ளக் கிடைக்கிற நேரம் இந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். ஒரே கம்பெனியில் வேலை பார்த்தாலும் மெஷின் சத்தத்தில் என்ன பேசிவிட முடியும்? பெண்ணை அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, ஊரில் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு யார் போவது என்பதையெல்லாம் இந்த நடையில்தான் முடிவு செய்கிறார்கள். வேலையைப் பகிர்ந்துகொள்வதால் கிடைக்கும் பெரிய லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான். பாத்திரம் கழுவக் கை கொடுத்தவருக்குப் பேசுவதற்கு மனைவி கிடைக்கிறார்.

ஞாயிறே கிடைக்காத தம்பதிகளும் இதே ஊரில் உண்டு. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு ஞாயிறுதான் வியாபாரம் சூடு பிடிக்கும் நாள். வார லீவு நடுவாரத்தில் ஏதோ ஒரு கிழமை. கணவருக்கோ ஞாயிறு. அவர்கள் இருவரும் ஒன்றாக வெளிச்சத்தில் வீட்டில் இருப்பதே அபூர்வம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது நல்ல காரியம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது குடும்பத்தோடு இருக்க விடுவதைக் கடை முதலாளிகள் சட்டத்துக்காகக் காத்திராமல் செய்யலாம்.

வீட்டு வேலையின் மதிப்பைப் பற்றி நீதிமன்றமும் பேசிவிட்டது. கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்த மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனைவி வீட்டைச் சுமந்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் சாரம். வீட்டில் மட்டும் இருந்த பெண்ணின் உழைப்புக்கே இந்த மதிப்பு என்றால், கம்பெனிக்கும் போய் வீட்டையும் சுமக்கிற பெண்ணுக்கு என்ன சொல்வது?

"ஆம்பளை மாவரைச்சா அக்கம்பக்கம் சிரிக்குமே" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. தாராபுரத்துக்காரரைப் பார்த்தும் முதலில் சிரித்திருக்கிறார்கள். இன்று அந்த லைனில் இன்னொரு வீட்டுக் கணவரும் ஞாயிறன்று கிரைண்டரைத் தூக்கி வாசலில் வைக்கிறார். பத்துக்குப் பத்து வீடுகளில் எதுவும் ஒளிந்திருக்காது. நல்லதும் அப்படித்தான் பரவுகிறது.

இதைப் படிக்கும் கணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாவரைப்பதோ, துணியோ, வாரத்துக்குக் காய்கறி வாங்குவதோ எதுவானாலும் சரி. சாமான் இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது வரை நீங்களே செய்யுங்கள். எது எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்காதீர்கள். டப்பாக்களைத் திறந்து பாருங்கள். அடுத்த ஞாயிறும் அதே வேலையை, யாரும் நினைவூட்டாமல் செய்யுங்கள்.